பஞ்சு அறையில் ஒரு மதியத் தூக்கம்

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், சமையலறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை இருந்தது. வீட்டுக்காரர் அதை ஸ்டோர் ரூம் என்பார். ஒரே ஒரு ஜன்னல்; திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். என் கணவருக்குக் கடைத்தெருவில் பை, பெட்டி வியாபாரம். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போனபின் பகல் முழுக்க வீடு எனக்கே. அந்த அறையில் தையல் மெஷினைப் போட்டு, கைக்குழந்தைகளுக்கான பஞ்சுப் போர்வைகள் தைக்க ஆரம்பித்தேன்.

பஞ்சு என்றால் தலையணையில் அடைக்கிற இலவம்பஞ்சு இல்லை. இரண்டு துணிகளுக்கு நடுவே விரித்து வைத்துத் தைக்கிற, பாய் போலச் சுருட்டி வருகிற வெள்ளைப் பஞ்சு. பாரிமுனையில் வாங்கி ஆட்டோவில் கொண்டுவருவேன். எடை என்று ஒன்றுமே இருக்காது. ஆனால் ஒரு ஆள் உயரம் இருக்கும். குறுக்காகப் போட்டால் இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகத்தைக் கடத்திக்கொண்டு வருவதுபோல அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு வருவேன்.

அதை வைப்பதுதான் பாடு. படுக்கப்போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது நசுங்கி அப்பளமாகிவிடும். பிளாஸ்டிக் போட்டு மூடினால் மழைக்காலத்தில் உள்ளே வியர்த்து, பூஞ்சை வாடை வரும். அதனால் நிற்க வைத்தேன். சுவரோரமாக ஒன்றையொன்று தொட்டபடி வரிசையாக நின்றன. ஜன்னலில் பாதி அவற்றுக்குப் பின்னால் மறைந்துபோனது. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளைப் பழைய தலையணை உறைகளில் போட்டுக் கட்டி வைத்தேன். கையகலத்துக்கு மேல் உள்ளவை ஒரு உறையில். அதற்கும் சின்னவை வேறொன்றில். பனியன் துணி தனியாக. எதையும் தூக்கிப்போட மனம் வராது. ஒரு மஞ்சள் பூத் துண்டு எதற்காவது ஆகும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். உறைகள் பெருகிக்கொண்டே போய், தரையில் அவையே ஒரு திண்டு மாதிரி ஆகிவிட்டன.

அந்த அறை எப்போது அப்படி மாறியது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டு ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். பயிற்சி விமானம் ஒன்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் நின்றால் பாத்திரம் அதிரும் சத்தம் அது. இங்கே யாரோ தூரத்தில் பெருமூச்சு விட்டதுபோலக் கேட்டது. ரயிலும் அப்படித்தான். பஞ்சு எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்தது. வெயில்கூட ரோல்களின் விளிம்பு வழியாகப் பால் போலக் கசிந்துதான் உள்ளே வரும். மெல்லிய இழைகள் அதில் மிதக்கும்; விழவே விழாது.

எங்கள் தெருவுக்குக் கோவளம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து மீன் விற்கிற அக்கா ஒருவர் இருந்தார். என்னைவிடப் பத்து வயதாவது பெரியவர்; பாய் வீட்டு அம்மா என்பதால் என்னைப் பாயம்மா என்பார். கடல் ஊருக்குள் ஏறி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு பல மாதம் அவர் வரவில்லை. திரும்பி வந்தபோது பாதி ஆளாக இருந்தார். வீட்டில் எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள், படகு போய்விட்டது, சுவர் விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

ஒருநாள் காலை வாசலில் உட்கார்ந்து எனக்கு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் தலை சரிந்தது. கை அரிவாள்மணைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

“அக்கா!” என்று கத்திவிட்டேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். “தூக்கம் பாயம்மா. கண்ணு சொக்கிகினு போவுது.”

“ராத்திரி தூங்கலையா?”

“தூங்கி எத்தினி மாசம் ஆவுது. படுத்தா அலை சத்தம். கிட்ட வருதா, தூரப் போவுதான்னு காது அதையே பாத்துகினு கீது. கொஞ்சம் கண்ணு மூடுனா போதும், எய்ந்து வாசல்ல போய் நின்னுடறேன்.”

தண்ணீர் கேட்டார். சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சொம்பை வாங்கிக் குடித்தவர், பின்னறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னா பாயம்மா, இந்த ரூமு இப்டி கீது?”

“எப்படி?”

உள்ளே ஒரு அடி வைத்து இரண்டு கைகளையும் தட்டிப் பார்த்தார். தட்டிய சத்தம் எழும்பவே இல்லை, பஞ்சில் அமுங்கிப்போனது. இன்னொருமுறை தட்டினார். பிறகு சிரித்தார். திரும்பி வந்தபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“கொஞ்ச நேரம் குந்திக்கவா?”

துண்டுத் துணி உறைகளின் மேல் உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். அவர் கூடையில் மிச்சமிருந்த மீனை எடுத்து எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தேன். அன்று மெஷினைத் தொடவில்லை. கைத்தையலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மதியத் தொழுகை நேரம் வந்தது. தொழுதுவிட்டு வந்தும் அவர் அதே கோலத்தில் இருந்தார். தூக்கத்தில் அவர் விரல்கள் எதையோ பொறுக்குவதுபோல அசைந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் வந்து பையைத் தூக்கிப் போட்ட சத்தத்தில்தான் எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் வெள்ளை ரோல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

சாயங்காலம் கணவர் வந்து, “தையல் ரூம்ல என்ன மீன் வாசனை?” என்றார். நடந்ததைச் சொன்னேன். ஒரு ரோலை முகர்ந்து பார்த்தார்.

“பஞ்சுல ஏறிடுச்சுன்னா போகுமா?”

“போகாது. குழந்தைங்களுக்குப் போற சாமான். துவைக்கவும் முடியாது.”

“அப்ப நாளைக்கு அவங்க வந்தா என்ன சொல்லுவே?”

பதிலையும் அவரே சொன்னார். “பெட்டிக்கு உள்ள வைக்கிற லைனிங் துணி கடையில கிடக்கு. எடுத்துட்டு வர்றேன். ரோலுக்கெல்லாம் ஒரு உறை தைச்சுப் போட்டுடு.”

இரண்டு நாள் உட்கார்ந்து தைத்தேன். ஒவ்வொரு ரோலுக்கும் கழுத்து முதல் கால் வரை நீளமாக ஒரு சாம்பல்நிற உறை, மேலே சுருக்கு நாடா. போட்டு முடித்தபோது, நைட்டி போட்ட பெண்கள் சுவரோரம் வரிசையாக நிற்பதுபோல இருந்தது. பிள்ளைகள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மீன்கார அக்காவும் சும்மா வரவில்லை. மறுபடி வந்தபோது கையில் ஒரு மஞ்சப்பை. “நாத்தம் உனுக்கு ஆவாதுன்னு தெர்யும்” என்று சொல்லிவிட்டு, பின்பக்கக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கால் முகமெல்லாம் கழுவி, பையிலிருந்த வேறு புடவையைக் கட்டிக்கொண்டு வந்து படுத்தார். அது பழக்கமாகிவிட்டது. மீன் விற்று முடிந்ததும் வருவார், தூங்குவார், எழுந்து டீ குடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போவார். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் மட்டும் டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“கனவு பாயம்மா. தண்ணி மேல நடந்துகினு போறேன். கீய பாத்தா தண்ணி இல்ல, உன் பஞ்சு. நடந்துகினே கீறேன், காலு நனையவே இல்ல.”

அந்த வருடம் பெருநாளுக்கு முன்னால் நகரத்துக் கடை ஒன்றிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. சந்தோஷமாகத் தைத்தேன். ரோல்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. உறைகள் வெறுமையாக ஆணியில் தொங்கின. ஜன்னல் முழுசாக வெளியே வந்தது. அதோடு ரயில், விமானம், பக்கத்து வீட்டு டிவி எல்லாம் உள்ளே வந்தன. அக்கா வந்து எப்படித் தூங்குவார் என்றுதான் நினைத்தேன். துண்டுத் துணி உறைகளைச் சுவரோரம் மேலே மேலே அடுக்கிப் பார்த்தேன். அவை பாதிச் சுவருக்குக்கூட எட்டவில்லை.

அவர் வந்தார். சுற்றிப் பார்த்தார். படுத்தார். நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் இமை துடித்தது. எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.

எழுந்ததும் கேட்டேன். “ரயில் சத்தத்துல முழிச்சுட்டீங்களா அக்கா?”

“கேட்டுச்சு. போனா போவட்டும்னு வுட்டுட்டேன்.”

அதற்குப் பிறகு அவருக்குக் கடலிலிருந்து தள்ளி உள்ளே அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரு வீடு கிடைத்தது. கான்கிரீட் வீடு, அலைச் சத்தமே எட்டாது என்று சாவியைக் காட்டிவிட்டுப் போனார். இனி தூங்குவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டாம் என்று நானும் நிம்மதியாக இருந்தேன். சில வாரம் கழித்து மீன் கூடையோடு வந்து வாசலில் உட்கார்ந்தார்.

“அந்த வூட்ல தூக்கமே வர்ல பாயம்மா.”

“ஏன், மறுபடியும் அலைச் சத்தமா?”

“அது இல்லியே, அதான் பேஜாரு. சத்தமே இல்ல. அலை எங்க போச்சு எங்க போச்சுன்னு காது தேடிகினு கீது.”

அவரே முதலில் சிரித்தார். பிறகு நானும். வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அந்த வீட்டை மகனுக்கு விட்டுவிட்டு, அவரும் அவர் வீட்டுக்காரரும் கரைப்பக்கம் பழைய இடத்துக்குக் கொஞ்சம் பின்னால் கொட்டகை போட்டுக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போது படுத்ததும் தூங்கிவிடுகிறாராம்.

துண்டுத் துணிகளை இணைத்து அவருக்கென்று ஒரு போர்வை தைத்து வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு மடித்து என் மடியிலேயே வைத்தார்.

“நல்லா கீது. ஆனா எங்க பக்கத்து புழுக்கத்துக்கு இதப் போத்திகினா வெந்துடுவேன். ஒரு சும்மாடு தச்சுக் குடேன். இந்த அலுமினிய அன்னக்கூடை தலையப் பொளக்குது.”

உடனே தைத்தேன். கடைசி ரோலில் மிஞ்சியிருந்த பஞ்சை வளையமாகச் சுருட்டி, மேலே மஞ்சள் பூத் துண்டும் நீலக் கட்டமும் சுற்றி, கெட்டியாகக் கைத்தையல் போட்டேன். அவர் தலையில் வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார். நான் ஒரு பக்கம் பிடித்துக் கூடையைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

“மெத்துன்னு கீது” என்றார். கையை எடுத்துவிட்டு, தலையசைக்காமல் கண்ணால் மட்டும் சிரித்தபடி, மீனு மீனு என்று குரல் கொடுத்துக்கொண்டே அடுத்த தெருவுக்குள் திரும்பினார்.