தணிகாசலம் சோதித்த தக்காளி விதை

அமாவாசை நாள். மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் செஞ்சி பேருந்து நிலையத்தை அடைத்துக்கொண்டு நின்றன. நான் நாற்றுத் தட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். தணிகாசலத்தின் மனைவி போனில், "அண்ணா, அவரு பூட்டாருண்ணா" என்றார். நெஞ்சுவலி. "இன்னாம்மா சொல்ற, முந்தாநேத்துதானே டீ குடிச்சோம்!" என்று அந்தப் பெண்ணிடமே சண்டைக்குப் போனேன். வேறு யாரிடம் போவது?

அவரை அறிந்தவர்களே, உங்களுக்கு அறிமுகம் வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தணிகாசலம் விதைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவர். விதைக்குள் ஒளிந்திருக்கும் பாக்டீரியாவை, விதை மண்ணுக்குப் போகும் முன்பே பிடித்துவிடுவார். "விதைய அரைச்சு வெச்சா, உள்ள கிருமியோட மரபணு இருந்தா, அத மட்டும் கோடிக்கணக்குல பெருக்கும்ணா மெஷினு. அப்பதான் நமக்குத் தெரியும்" என்பார். நான் எட்டாவது வரை படித்தவன், பட்டென்று பிடித்துக்கொண்டேன். அந்த இயந்திரம் ராஜகிரிக் கோட்டை வாசல் அகலம் இருக்கும் என்று கடைவீதியெல்லாம் சொல்லிவைத்தேன். நேரில் போய்ப் பார்த்தால் மிக்சி அளவு. "இத்தையா இவ்ளோ நாளா கோட்டை ஆக்கினு இருந்த?" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒருமுறை, நான் சேர்த்துவைத்த தக்காளி விதையைச் சோதிக்கக் கேட்டார். "பையில மேல, நடுவுல, அடியில கைவுட்டு எடுத்துனு வா" என்றார். என் விதையைக் குறை சொல்ல எவன் பிறந்திருக்கிறான்? தோட்டத்திலேயே கொழுத்த நாலு செடியின் விதையைத் தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தேன். நோய் இல்லை என்று தாள் வந்தது. பத்துப் பேரிடம் நூறு முறை காட்டினேன். பையில் இருந்ததை விதைத்து நாற்று விற்றேன்.

காய்க்கிற நேரத்தில், மண்டகப்பட்டுப் பக்கம் என் நாற்றை நட்ட வயல்களில் இலையோரம் கருகி, செடிகள் ஒரு பக்கமாக வாடின. அதற்கு மருந்தில்லை, பிடுங்கி எரிக்க வேண்டியதுதான். தணிகாசலம் வந்து, பையில் மீதியிருந்த விதையைத் தானே கைவிட்டு எடுத்துப் போனார். இந்த முறை 'நோய் உள்ளது' என்று தாள் வந்தது. "பொண்ணு பாக்க வர்றவங்களுக்குக் காட்ற மாதிரி பொறுக்கிக் குடுத்தியாண்ணா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

மறுநாள் வயலில் விவசாயிகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "உன் மெஷினு பொய் சொல்லுது சார்! எங்க பொழப்ப எரிச்சிட்டியே!"

"நானே வந்து விதைய எடுத்திருக்கணும். தப்பு என்னுது" என்றார் அவர்.

ஒரு வாயில் ஒன்பது கதை சொல்லும் நான் அன்று வாயே திறக்கவில்லை. அதுமுதல் ஊரில் அவருக்கு 'தப்பு ரிப்போர்ட்டு' என்றே பெயர். அந்தப் பெயரோடுதான் போய்ச் சேர்ந்தார்.

காரியத்தன்று எல்லோர் முன்பும் உண்மையைச் சொன்னேன். "செத்தவருக்கோசரம் மாமா புதுசா ஒரு கதை வுடறாரு பாரு!" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். வாழ்நாளெல்லாம் கதை அளந்தவன் ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் யார் காதிலும் ஏற மாட்டேன் என்கிறது. இந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவருடைய படிப்பும் பொறுமையும் எனக்கு வராது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது 'நோய் உள்ளது' என்ற அந்த இரண்டாவது தாள். நாற்றங்கால் வாசலில் ஒட்டியிருக்கிறேன். அடியில், முதல் விதையைப் பொறுக்கிக் கொடுத்து ஏமாற்றியவன் நான்தான் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். நேற்று இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு நாற்று வாங்காமல் திரும்பிப் போனார்கள்.

அவர்களாவது நம்பினார்கள்.