தட்டாத கைகள்

இலங்கையில் போர்நிறுத்தம் இருந்த நாட்களில் நான் ஜெர்மனியின் பான் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன். வரலாற்று வகுப்பில் என் பக்கத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் உட்காருவார். ஒல்லியான உடம்பு, முன்முடியில் நரை. அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் குளிர்ச்சட்டையைக் கழற்ற மாட்டார். கைகள் அதன் பைக்குள்ளேயே இருக்கும்.

ஒருநாள் பேராசிரியர் எங்களை அமெரிக்க செனட்டர்களாக நடிக்க வைத்தார். 1861இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடிக்கப்போகும் நேரம், அதைத் தடுக்க வேண்டும். வாதாடி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: நாட்டின் குறுக்கே ஒரு கோடு, அதற்குத் தெற்கே அடிமை முறை என்றென்றும் நீடிக்கும், எந்தச் சட்டத் திருத்தமும் அதைத் தொடக் கூடாது. அன்றைய உண்மையான செனட்டில் தோற்றுப்போன அதே சமரசம் எங்கள் வகுப்பில் வென்றது. ஜெர்மன் வழக்கப்படி எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டிப் பாராட்டினோம். என் பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்துப் பெண் மட்டும் தட்டவில்லை.

"போரைத் தடுத்துவிட்டோமே, உங்களுக்குச் சம்மதமில்லையா?" என்று பேராசிரியர் கேட்டார்.

"கோட்டுக்குத் தெற்கே விற்கப்படுகிறவர்களில் ஒருவரையாவது கேட்டீர்களா?" என்றார் அவர், ஜெர்மன் மொழியில், உட்கார்ந்தபடியே.

வகுப்பு முடிந்து டிராம் நிறுத்தத்திலும் நான் அவரை விடவில்லை. "அக்கா, சண்டையால ஊரை விட்டு வந்தவங்க நீங்க. நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

"ஓம் தம்பி, சண்டை என்னெண்டு எனக்குத் தெரியும். அதுக்காக இன்னொருத்தன்ர கழுத்தைக் குடுத்துச் சமாதானம் வாங்க என்னால ஏலாது."

போரை அறிந்தவர் அதை எப்படிச் சொன்னார் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் எங்காவது எல்லோரும் மேசையைத் தட்டினால், என் கண் தட்டாத கைகளைத்தான் தேடுகிறது.