கன்னத்தில் ஒரு சுவர் விரிசல்

"டேய்... கவிதா மூஞ்சில எப்படா வெட்டுக்காயம் பட்டுது?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி. என் வாயில் பாதி இட்லி. போனில் என் அக்கா.

கவிதா அவளுடைய மகள். ஒரே வீட்டில் இருக்கிற மகளின் முகத்தைப் பற்றி, நாலு தெரு தள்ளி இருக்கிற என்னிடம் விசாரிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ விபத்து... ஆஸ்பத்திரி... நான் கை கழுவாமலே சட்டையில் ஒரு கையை நுழைத்துவிட்டேன்.

"எந்த ஆஸ்பத்திரிக்கா?"

"ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவ நல்லா சாப்புட்டுட்டு ஸ்கூலுக்குக் கெளம்பிட்டா. சிதம்பரத்துலேர்ந்து மாப்ள பையனோட அம்மா போன் பண்ணாங்க. 'பொண்ணுக்குக் கன்னத்துல எப்ப அடிபட்டுது, இப்ப வலி கிலி இருக்குதா'ன்னு கேக்குறாங்க. நீ என்னா போட்டோடா குடுத்த?"

சட்டையிலிருந்து கையை உருவிக்கொண்டேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. கவிதா கன்னத்தில் இருந்தது காயம் இல்லை. கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், ஒரு பழைய குடோன் சுவரில் விழுந்த விரிசல்!

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

ஆறு மாதமாக எனக்கு ஒரு பைத்தியம். டிஜிட்டல் ஆர்ட். ஒரு போட்டோவை எடுத்து, அதைச் சுவர், துரு, மரப்பட்டை மாதிரி ஏதாவது சொரசொரப்பான பின்னணியோடு கம்ப்யூட்டரில் கலந்துவிடுவது. முகமும் சுவரும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, ஏதோ அந்தக் காலத்து ஓவியன் வரைந்த மாதிரி நிற்கும். நன்றாக வந்தால் கலை. வராவிட்டால்... அதைத்தான் சொல்லப் போகிறேன்.

இதற்காக நல்ல சுவர்களைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேன். துறைமுகத்தில் துருப்பிடித்த படகு, பண்ருட்டிப் பலாப்பழத்தின் தோல், கிள்ளை கிராமத்துப் பக்கம் காய்ந்து வெடித்த சேறு — எதையும் விடவில்லை. ஓ.டி.யில் காரை பெயர்ந்த ஒரு வீட்டுச் சுவரை நாலு கோணத்தில் எடுத்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஓர் அம்மா ஓடி வந்தார். "ரோடு அகலப்படுத்தறீங்களா? எத்தினி அடி போவுது? சொல்லிட்டு இடிய்யா!" என்று என் கேமராவை மறித்தார். சுவர் அழகாக இருக்கிறது, அதனால்தான் எடுக்கிறேன் என்றேன். அதன் பிறகுதான் அவருக்குச் சந்தேகம் அதிகமானது.

என் மனைவி ஒரே வரியில் விமர்சனம் எழுதிவிட்டாள். "ஊர்ல எல்லாரும் செவுத்துக்கு பெயின்ட் அடிச்சு மூஞ்சி மாதிரி வெக்கிறாங்க. நீங்க மூஞ்சிய செவுரு மாதிரி ஆக்குறீங்க."

இந்தக் கலைஞனிடம்தான் கவிதா வந்து மாட்டினாள். அவள் கெமிஸ்ட்ரி டீச்சர். இருபத்தெட்டு வயசு. மூன்று வருஷமாக ஜாதகத்தோடு அவள் போட்டோவும் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் அவளை வெள்ளையடித்து, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை ஓடவிட்டு அனுப்புவார். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேரில் நீர்வீழ்ச்சி இல்லாத பெண்ணைப் பார்த்து, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று கிளம்பிவிடுவார்கள். லெட்டர் வராது.

"மாமா, இந்த ஒரு தடவ நீங்க எடுங்க. நான் எப்படி இருக்கேனோ அப்படி. இதோட நிறுத்திக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

சிதம்பரத்து வரன் அது. பையன் செந்தில், நில அளவை சர்வேயர். அவன் போட்டோவைக் காட்டியபோது கவிதா, "பரவால்ல" என்றாளாம். கெமிஸ்ட்ரி டீச்சர் யாருக்கும் சுலபத்தில் மார்க் போடமாட்டாள். 'பரவால்ல' என்றால் எழுபத்தைந்துக்கு மேல். அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

நான் மொட்டை மாடியில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தேன். அருமையாக வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்குமா? என் சொந்த ஆசைக்கு அதே படத்தை அந்தக் குடோன் சுவரோடு கலந்து இன்னொன்று செய்துவைத்தேன். ஒன்றின் பெயர் 'கவிதா ஃபைனல்'. இன்னொன்று 'கவிதா ஃபைனல் ஃபைனல்'.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கரன்ட் போனது. எங்கள் ஏரியாவுக்கு அப்போதுதான் மின்வெட்டு முறை. யூ.பி.எஸ். பீப்... பீப்... என்று அலற ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்குக் கை கால் ஓடாது. அதே நேரத்தில் அக்கா வீட்டுக்காரர் வாசலில் ஸ்கூட்டரோடு நிற்கிறார். "மச்சான், பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கூரியர்ல போட்டாவணும். சீக்கிரம்!" பீப் பீப்... "மச்சான்!" பீப் பீப்... கைக்குக் கிடைத்த ஃபைலைப் பென் டிரைவில் ஏற்றினேன். ஸ்கிரீன் அணைந்தது.

இரண்டு பேரும் ஸ்கூட்டரில் போட்டோ லேபுக்குப் பறந்தோம். அங்கே ஜெனரேட்டர் ஓடியது. பிரின்ட் போட்டுக் கவரில் வைத்து ஒட்டியே கொடுத்தார்கள். அக்கா வீட்டுக்காரர் அந்தக் கவரின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகத்தோடு சேர்த்துக் கூரியர் ஆபீஸில் நீட்டியபோது மணி பத்து இருபத்தேழு. ராகு காலத்தை ஜெயித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டோம். கவரைப் பிரித்துப் பார்க்கத்தான் நேரம் இல்லை.

இனி செவ்வாய்க்கிழமை. அக்கா போனில் அழ ஆரம்பித்துவிட்டாள். "அவளா ஒருத்தன பரவால்லன்னு சொன்னாடா... அதயும் கெடுத்துட்டியேடா..."

நான் லீவு சொன்னேன். கரன்ட் வரும்வரை காத்திருந்தேன். சரியான படத்தை மூன்று முறை பார்த்துப் பிரின்ட் போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பெரிய தைரியசாலி போல ஜன்னலோரம் உட்கார்ந்து, சிதம்பரத்தில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். குறிஞ்சிப்பாடி வந்தபோதுதான் அது விருத்தாசலம் பஸ் என்று தெரிந்தது. போர்டைப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். கண்டக்டரும் அதைத்தான் கேட்டார். வடலூரில் இறங்கி, பஸ் மாறி, ஒரு வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு.

"வாங்க தம்பி, வாங்க" என்று செந்திலின் அம்மா சிரித்துக்கொண்டேதான் வரவேற்றார். செந்திலின் அப்பா மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பூதக்கண்ணாடியோடு மேஜையில் குனிந்திருந்தார். கீழே என் கலைப்படைப்பு.

"பன்னெண்டு தையல்" என்றார், நிமிராமலே. "எண்ணிட்டேன். நல்லா ஆறியிருக்குது. முப்பது வருஷம் தையல் போட்ட கை தம்பி இது. பாத்தாலே சொல்லிடுவேன்."

காரை பெயர்ந்த இடத்தில் செங்கல் இடுக்குகள் பல்லிளித்துக்கொண்டிருந்தன. அவற்றைத்தான் தையல் என்று எண்ணியிருக்கிறார்!

"நாங்க அதப் பத்திலாம் கவலப்படல தம்பி" என்றார் அம்மா. "இதுவரைக்கும் இருவது போட்டோ வந்துது. ஒண்ணு கூட நெசம் இல்ல. எல்லாம் ஸ்டூடியோகாரன் பெத்த பொண்ணுங்க. நீங்கதான் உள்ளத உள்ளபடி அனுப்பிச்சிருக்கீங்க. ஞாயித்துக்கெழம வரலாம்னு இருந்தோம்."

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் என்ன செய்வான்? காபியைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவான். நான் பையைத் திறந்து சரியான போட்டோவை எடுத்து நீட்டினேன்.

அப்பா பூதக்கண்ணாடியால் அதை மேலும் கீழும் மேய்ந்தார். "தழும்ப அழிச்சிட்டாங்க" என்றார்.

அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "ஏன் தம்பி... மொதல்ல அனுப்புனதே நல்லாத்தானே இருந்துது?"

பொய்ப் போட்டோவை நம்பிவிட்டார்கள்; மெய்ப் போட்டோவை நம்ப மறுக்கிறார்கள்! அம்மா டிபனுக்குத் தோசை ஊற்ற உள்ளே போனார், வாசனை வந்தது. நான் எழுந்து சமையலறைக்குள்ளேயே போய்த் தோசைக் கரண்டியை வாங்கிக்கொண்டேன்.

"இங்க பாருங்கம்மா. இந்தக் கல்லுதான் செவுரு. மாவுதான் கவிதா. மாவ மெல்லிசா ஊத்துனா அடியில கல்லு தெரியுதா இல்லியா? அந்த மாதிரி கம்ப்யூட்டர்ல ஒண்ணுமேல ஒண்ணு..."

"எங்க கல்லு அப்படிலாம் தெரியாது தம்பி. பழகுன கல்லு."

பின்னாலேயே வந்த அப்பா தலையாட்டினார். "எனக்குப் புரிஞ்சிடுச்சி. பொண்ணு மேல செவுரு இடிஞ்சி விழுந்திடுச்சி. அதானே?"

நல்லவேளை, அப்போது செந்தில் வேலையிலிருந்து வந்தான். நான் யார் என்று சொன்னார்கள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். ஸ்கேல் ஒன்றை எடுத்துக் கீறல் மேல் வைத்தான்.

"அப்பா, இந்தக் கோடு கன்னத்தோட நிக்கல. காதத் தாண்டி காத்துலயும் நேரா போவுது பாருங்க. காத்துக்கு யாரு தையல் போட்டது?"

நான் அந்தப் பையனை அங்கேயே கட்டிப்பிடித்திருப்பேன். கையில் தோசைக் கரண்டி இருந்தது.

அப்படியே கவிதாவுக்குப் போன் போட்டேன். ஸ்கூல் விட்டிருந்தது. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"மாமா, காயம்னு நெனச்சப்ப அவுங்க வேணாம்னு சொன்னாங்களா?"

"இல்லம்மா. ஞாயித்துக்கெழம வரதாத்தான் இருந்தாங்க."

"அப்ப வரச் சொல்லுங்க மாமா. நல்ல போட்டோவப் பாத்துட்டு வந்தவுங்கதான் இதுவரைக்கும் எந்திரிச்சுப் போனாங்க."

போனைச் செந்திலிடமே நீட்டிவிட்டேன். அவன் அதை வாங்கிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனான். நான் நாலு தோசை சாப்பிட்டு முடிக்கும்வரை திரும்பவில்லை. வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. "ஞாயித்துக்கெழம காலைல வரோம் சார்" என்றான். அவன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் — போர்டை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் ஏறினேன் — யோசித்துக்கொண்டே வந்தேன். பவுடர், விளக்கு, நீர்வீழ்ச்சி என்று எத்தனை பாடுபடுகிறோம்! அத்தனையும் பார்க்கிறவரின் சந்தேகத்தைத்தான் வளர்க்கிறது. ஒரு விரிசல் தெரிந்தால் போதும், 'அப்பாடா, மனுஷங்கதான்' என்று நம்பி நெருங்கி வந்துவிடுகிறார்கள். எனக்கே இது முன்னாலேயே தெரிந்திருந்தால், என் கல்யாணப் போட்டோவுக்காகத் தொப்பையை அவ்வளவு நேரம் எக்கிப் பிடித்திருக்கமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். கவிதா ஸ்கூலுக்குக் கட்டுகிற காட்டன் புடவையிலேயே வந்து உட்கார்ந்தாள். செந்தில் அவளைப் பார்த்தான். அவள் செந்திலைப் பார்த்தாள். எல்லாம் போனிலேயே பேசி முடித்தாகிவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. அக்கா சமையலறைக்குள் போய் மூக்கை உறிஞ்சினாள். தட்டு மாற்றிக்கொள்ள நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

செந்திலின் அப்பா மட்டும் சமாதானம் ஆகவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மருமகளாகப் போகிறவளின் கன்னத்தைக் கிட்டத்தில் வந்து பார்த்தார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம்.

"தடமே தெரியல! பிரமாதமான வேல! யாரும்மா டாக்டரு?"

கவிதா கண்ணை இமைக்காமல் என்னைக் கை காட்டினாள். "எங்க மாமாதான்."

அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். நான் மறுக்கவில்லை... பெண் வீட்டில் ஒரு டாக்டர் இருப்பது அவர்களுக்கும் பெருமைதானே?