வலப் பக்கத்தால் திறக்கிற புத்தகம்

வியாழக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். குர்ஆன் மதரசாவிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது முதலில் கண்ணில் பட்டது, மாமாவின் கையில் விரிந்து கிடந்த அந்தத் தடித்த புத்தகம். எனக்கு ஒன்பது வயது. கல்முனையில் எங்கள் வீட்டில் உம்மா, என் அக்காவான ராத்தா, நான் என்று மூன்று பேர். வாப்பா கட்டாரில். முடிவுகளை மட்டும் பக்கத்து வளவிலிருந்து உம்மாவின் காக்கா, எங்கள் மாமா, வந்து எடுத்துவிட்டுப் போவார்.

புத்தகம் வந்ததும் அவரால்தான். அவர் வாங்கிய ஜப்பான் வேனைக் கழுவியபோது, பின் சீட்டுக்கு அடியில் ராத்தா அதைக் கண்டெடுத்தார். இளம் பெண்களுக்கான சித்திரக்கதைச் சஞ்சிகை. எழுத்து ஒன்றும் விளங்காது. ஒரு கந்தோரில் வேலை செய்யும் பெண்ணின் தொடர்கதையை ராத்தா படங்களை வைத்தே வாசித்தார். முதலில் பின்னாலிருந்து புரட்டிக் குழம்பி, பிறகு அவரே கண்டுபிடித்தார்: அது ஓதுகிற கிதாபைப் போல வலப் பக்கத்தால் திறக்க வேண்டிய புத்தகம்.

“அப்ப ஜப்பான்காரரும் நம்மட ஆக்களா ராத்தா?”

“ஓம், உன்ட தல. படத்தப் பாரு.”

கதை, அந்தப் பெண் மழையில் ஒரு ரயில் நிலையத்தில் நிற்பதோடு நின்றது. அடுத்த இதழுக்கு எங்கே போவது? மீதியை ராத்தா தன் சித்திரக் கொப்பியில் தானே வரையத் தொடங்கினார். சாதாரண தரப் பரீட்சை முடிந்திருந்தது. உயர்தரத்துக்குச் சித்திரம் எடுப்பதற்குப் படிவம் நிரப்பி வைத்திருந்தார். மாமாவின் கையெழுத்து மட்டும் பாக்கி.

சஞ்சிகையின் கடைசித் தாளில் ஒரு பெண் இரு கைகளையும் முன்னே வைத்துக் குனிந்து நின்றாள். தொழுகையில் ருகூஉ செய்கிறாள் என்று நினைத்து, ராத்தாவுக்குத் தெரியாமல் அந்தத் தாளைக் கிழித்து என் ஓதல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழன் காலை புத்தகம் ராத்தாவின் பாய்க்கு அருகே தரையில் கிடந்தது. வலப் பக்கத்தால் திறக்கிற எதையும் தரையில் விடக் கூடாது என்பதுதான் எனக்குத் தெரிந்த சட்டம். எடுத்து முத்தமிட்டேன், நெற்றியில் வைத்தேன், கதிரையில் ஏறி மேல் தட்டில் குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரவு ஓதுவதற்காக யாஸீன் கிதாபை எடுக்க வந்த மாமாவின் கையில் அகப்பட்டது அது.

“இத ஆரு இஞ்ச வெச்ச?”

ராத்தா என்னை ஒரு தரம் பார்த்தார்.

“நான்தான் மாமா.”

“குர்ஆனுக்குப் பக்கத்துல, தலமுடிய விரிச்ச பொம்புளப் படம். இதுக்குத்தான் சித்திரம் படிக்கப் போறாவாம். கொப்பியையும் கொண்டு வா.”

“விடுங்க காக்கா, சின்னப் புள்ளதானே” என்றார் உம்மா. ஒரு தரம் மட்டும் சொன்னார்.

மாமா திறந்து பார்த்தது ஒரேயொரு பக்கம். கொப்பியில் அதுகூடப் பார்க்கவில்லை. குசினிக்குப் பின்னால் தேங்காய் மட்டை எரிக்கும் இடத்தில் இரண்டையும் போட்டு, தன் கையாலேயே நெருப்பு வைத்தார். பிறகு கை கால் முகம் கழுவி ஒழுச் செய்துகொண்டு அஸர் தொழப் போனார். வேன் கண்ணாடியிலிருந்த ஜப்பான் எழுத்து ஸ்டிக்கரை மட்டும் கடைசிவரை அவர் உரிக்கவில்லை. அது போனால் வேனின் மதிப்புப் போய்விடும் என்பார்.

படிவத்தில் சித்திரம் என்றிருந்ததை வெட்டி வர்த்தகம் என்று எழுதிய பிறகே கையெழுத்து வைத்தார். ராத்தா ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. அடி விழவில்லை என்ற நிம்மதியில் இரவுச் சோற்றை வயிறாரத் தின்றேன். மாமா மீதுள்ள கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. அந்தச் சோற்றைத் தின்றவள் மீதும்தான்.

ராத்தா அதன் பிறகு வரையவில்லை. இப்போது தன் பிள்ளைகளின் சுற்றாடல் பாடத்துக்குக்கூடக் கடையில் படத்தை அச்செடுத்து ஒட்டிக் கொடுக்கிறார்.

கிழித்த தாள் என்னிடம் இருக்கிறது. போன வருடம், ஜப்பானில் படித்து வந்த ஒருவரிடம் அதைக் காட்டினேன். குனிந்து நிற்பவள் தொழவில்லை, வாசகர்களிடம் விடைபெறுகிறாள் என்றார். கீழே இருந்ததை வாசித்துச் சொன்னார்: இந்த இதழோடு சஞ்சிகை நிறுத்தப்படுகிறது, தொடர்கதைகளின் மீதி வெளிவராது.

ராத்தாவின் கொப்பியில் நாற்பத்திரண்டு பக்கங்கள் வரைந்து முடிந்திருந்தன.