பிள்ளைக்கு என்ன வயசு?

போன சனிக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி. சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். வெளியே வரும்போது கையில் ஒரு காதல் நாவல், ஒரு சரித்திரக் கதை, தலையணை கனத்தில் ஒரு தத்துவப் புத்தகம்... கூடவே படம் போட்ட குழந்தைக் கதை ஒன்று.

பில் போடுகிற தம்பி நாலையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழந்தைக் கதையை மட்டும் தனியாக எடுத்து வைத்தார்.

"பிள்ளைக்கு என்ன வயசு மேடம்? ரொம்பச் சின்னப் பிள்ளைன்னா பெரிய எழுத்துல வேற இருக்கு."

என் மகன் எட்டாவது படிக்கிறான். கிரிக்கெட் ஸ்கோர் தவிர வேறு எதையும் படிப்பதில்லை என்று விரதம். ஆகவே நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், "எனக்குத்தான் தம்பி." வாயில் வந்ததோ வேறு.

"தெரியலையேப்பா" என்றேன்.

தம்பி சிரித்துவிட்டார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வீடு வந்து சேரும்வரை முதுகு சில்லென்று இருந்தது.

இந்தப் பத்தியைப் படிக்கிற உங்களில் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு – "ஒரு வாரம் காதல் கதையைப் பற்றி எழுதுகிறீர்கள். மறு வாரம் ராஜா ராணி. அதற்கடுத்த வாரம் ஆத்ம விசாரம். நடுவில் முயல், ஆமை... உங்களுக்கு என்னதான் பிடிக்கும்?" மழுப்பி மழுப்பியே காலம் தள்ளிவிட்டேன். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். நான் பேய் பிசாசு நம்புகிற ஆள் இல்லை. வாசலில் தொங்குகிற எலுமிச்சம்பழத்தைக் கிண்டல் செய்து எழுதி உங்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டவள். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எண்பதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சொந்த ஊர் கான்சாபுரம். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் வாசம். காதல் கதை தவிர வேறு எதையும் அந்த நாளில் தொடமாட்டேன். முதல் அத்தியாயத்திலேயே நாயகியும் நாயகனும் மோதிக்கொள்ளவில்லை என்றால் புத்தகம் அன்றைக்கே லெண்டிங் லைப்ரரிக்குத் திரும்பிவிடும்.

அதே மில்லில் டைம்கீப்பர், சீனிவாசன் அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கோயிலை ஒட்டிய தெருவில் வீடு. தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற வைணவக் குடும்பம். நெற்றியில் நாமம் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் ரொம்பக் குறைவு. அப்படிப்பட்டவர் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் டேபிள் பக்கம் வந்து நின்றார்.

"யம்மா கலா... நீ வாய்விட்டு வாசிப்பியா?"

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஒங்க மதினிக்குக் கண்ணுல புரை விழுந்துட்டு. எழுத்து ஒண்ணும் தெரியல. ஞாயித்துக்கிழம மத்தியானம் வீட்டுல புத்தகம் வாசிக்கணும், இல்லன்னா அவளுக்கு இருப்புக் கொள்ளாது. நான் வாசிச்சா, மில்லுல ஆளுக பேரு கூப்பிடுத மாதிரி இருக்காம்."

சிரித்துக்கொண்டே சரி என்றேன். ஹாஸ்டலின் ஞாயிற்றுக்கிழமை சாம்பாரிலிருந்து தப்பிக்கலாமே என்ற நப்பாசையும் இருந்தது.

அண்ணாச்சி வீட்டு உள்ளறையில் எதிரெதிராக இரண்டு மணைகள் போட்டிருந்தார்கள். ஒன்று எனக்கு. எதிர் மணை காலி. அதன் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர். ரங்கம்மா மதினி தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

காலி மணை எனக்கு ஆச்சரியமாக இல்லை. இந்த மாதிரி வீடுகளில் பாராயணம் என்றால் அதைக் கேட்க ஒருவர் வந்து உட்காருவார் என்பது நம்பிக்கை. கண்ணுக்குத் தெரியமாட்டார். அவருக்கு இடம் போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தால் பாதியில் நிறுத்தக்கூடாது. இதெல்லாம் நானும் கேள்விப்பட்டதுதான். ஆனால் நான் கொண்டுபோயிருந்தது பக்திப் புத்தகம் இல்லையே... ஊட்டிப் பனிமூட்டத்தில் ஆரம்பிக்கிற காதல் கதை. அதைக் கேட்கவா சாமி வரும்?

ரெண்டு பக்கம் வாசித்திருப்பேன். மதினி கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னைக்கு இது வேண்டாம்மா. அவ சின்னப்பிள்ளையால்லா இருக்கா. சின்னப்பிள்ளக் கதை வாசி."

"யாரு மதினி?"

அவர் முகம் காலி மணைப் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணாச்சி அலமாரியிலிருந்து ஒரு குழந்தைப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் என்னை பஸ் ஏற்றிவிட வந்தபோதுதான் சொன்னார். ஒரே மகள், பத்மா. மூன்றாவது படிக்கும்போது காய்ச்சல். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கதை வாசித்துக்கொண்டிருந்தார். கதை பாதியில் இருக்கும்போதே பிள்ளை போய்விட்டது. அது நடந்து வருஷக் கணக்காகிறது. இருந்திருந்தால் என் வயது.

"பாதியில நிறுத்தக்கூடாதுல்லா... கேக்க உக்காந்தவ எந்திரிச்சுப் போக முடியாம அங்கனயே இருக்கான்னு ஒங்க மதினி சொல்லுதா. அந்தக் கதைய முடிச்சும் பாத்தாச்சு. முடிச்சா, 'பொறவு?'ன்னு கேக்காளாம். பொறவு இன்னொரு கதை. இப்படியே ஓடுது."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

"அது கெடக்கட்டும்மா. இப்ப டாக்டரு புரை முத்திட்டுங்காரு. இந்தக் கோடைக்குள்ள மதுரைக்குப் போய் ஆப்பரேஷன் பண்ணலன்னா பார்வை திரும்பாதாம். இவ வர மாட்டேங்கா. பிள்ளைய ஒத்தையில விட்டுட்டு எப்படி வாரதுங்கா." அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கண்ணு அவிஞ்சு போயிரும்மா அவளுக்கு."

புத்திசாலியாக இருந்தால் அடுத்த ஞாயிறு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கமாட்டேன். போனேன். மதினி பாவம் என்பது ஒன்று. இன்னொன்று... கேட்பதற்கு ஆள் இருந்தால் வாசிப்பே வேறு.

ஒவ்வொரு வாரமும் மதினி சொல்வதுதான் புத்தகம். "இன்னைக்குப் பெரியவளா இருக்கா. ஒன் காதல் கதையவே வாசி." இன்னொரு வாரம், "பத்தாவது படிக்குத வயசு. சரித்திரம் வாசி." சரி, வளர்ந்துவிட்டாள் என்று நினைத்தால், மறுவாரமே "மேலு சுடுது பிள்ளைக்கு. சின்னக் கதையா வாசிம்மா." லெண்டிங் லைப்ரரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். ஆனால் யோசித்துப் பார்த்தால் மதினி சொன்னதில் என்ன தப்பு? பெற்றவளுக்குப் பிள்ளை ஒரே வயதிலா இருக்கிறது?

ஒரு ஞாயிறு, குழந்தைக் கதை. அரண்மனைச் சமையல்காரன் மாவுப் பானைக்குள் விழுகிற இடம். வாசிப்பை நிறுத்தினேன். கொஞ்சம் காத்திருந்தேன். மறுபடி ஆரம்பித்தேன். ரெண்டு வரி தாண்டிய பிறகுதான் உறைத்தது – எதற்காக நிறுத்தினேன்? கேட்கிறவர் சிரித்து முடிக்கட்டும் என்று. மதினி சிரிக்கவில்லை. அண்ணாச்சி வீட்டிலேயே இல்லை. மதினி அந்தக் காலி மணையைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது. என் கையில் மயிர் குத்திட்டு நிற்கிறது. தம்ளரில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

கோடை வந்துவிட்டது. மதினி அசைவதாக இல்லை. மில்லில் அண்ணாச்சி மறுபடியும் என் டேபிளுக்கு வந்தார்.

"ஏம்மா, தத்துவப் புத்தகம்னு இருக்கும்லா... போனவங்கள விட்ரணும்னு சொல்லுத மாதிரி. அத ஒரு வாரம் வாசியேன். அவளுக்கும் கேக்கும், பிள்ளைக்கும் கேக்கும்."

பிள்ளைக்கும் என்று அவரும் சொன்னார். நான் கவனித்தேன். அவர் கவனிக்கவில்லை.

தேடிப் பிடித்து ஒன்று கொண்டுபோனேன். பழுத்த இலை தானாக உதிர்வதைப் பற்றி ஒரு அத்தியாயம். எனக்கே பாதி புரியவில்லை. ஆனாலும் உருக்கமாக வாசித்தேன். மதினி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"இலை விழட்டும்மா" என்றார். "எம்பிள்ள இலையா?"

புத்தகத்தை மூடிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு பஸ் கிடைக்காமல் நேரமாகிவிட்டது. மே மாத வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போய், உள்ளே நுழைந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியவில்லை. காலில் தட்டிய மணையில் பொத்தென்று உட்கார்ந்தேன். பார்வை தெளிந்தபோது எனக்கு முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. எதிர் மணை காலி. அது என் மணை.

எழுந்திருப்பதற்குள் மதினி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு அப்போது ஆள் தெரியாது, உருவம்தான் தெரியும். நின்று பார்த்தார்.

"வந்துட்டியாட்டி?"

வாசலில் நின்ற அண்ணாச்சியைப் பார்த்தேன். எழுந்திருக்காதே என்று கையால் அமர்த்தினார்.

மதினி என் எதிரே உட்கார்ந்து கதை சொல்ல ஆரம்பித்தார். புத்தகம் இல்லை. மழைக்குப் பயந்து குடை வாங்கப் போன ஒரு தவளையின் கதை. அன்றைக்குப் பாதியில் நின்ற கதை அதுதான் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். பிறகு தொடர்ந்தார். தவளை குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதில் தேங்கிய மழையிலேயே குடியிருந்துவிடுகிறது. கதை முடிந்தது.

மதினி காத்திருந்தார். 'பொறவு?' என்று நான் கேட்க வேண்டும். கேட்டால் இன்னொரு கதை. இன்னொரு ஞாயிறு. கண் போய்விடும்.

போறேம்மா என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் நம் ஊரில் எந்தப் பெண்ணாவது ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லியிருக்கிறாளா? சொன்னால் அடி விழும். நாக்கு பழக்கத்துக்குத் திரும்பியது.

"போதும்மா. போயிட்டு வாரேன்."

மதினி கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினார்.

"பதனமாப் போயிட்டு வாட்டி."

நான் எழுந்து வெளியே வந்து முற்றத்துக் குழாயடியில் நின்றேன். உள்ளே மதினி அந்த மணையை எடுத்துச் சுவரில் சாய்த்து வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல். "ஏங்க... மதுரைக்கு எப்பம் போணும்?"

ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு பார்க்கப் போனேன். மதினி என் முகத்தை முதன்முதலாகத் தெளிவாகப் பார்த்தார்.

"நீதான் கலாவா? அன்னைக்கு நீ ஏன்மா வரல? பத்மா வந்திருந்தா. தவளை கொடைய வாங்குத எடத்துல எம்புட்டுச் சிரிப்பு சிரிச்சா. அவ சிரிச்சு முடிக்கட்டும்னு கதைய நிறுத்தி வச்சேன்."

நான் சிரிக்கவில்லை. அந்த மணையில் நான் மூச்சுவிட்டதே பெரிய விஷயம்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அண்ணாச்சி கூட வந்தார். பஸ் வந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நீ சிரிச்சியாம்மா?"

"இல்ல அண்ணாச்சி."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

மதினி அதற்குப் பிறகு மணை போடவில்லை. அவராகவே புத்தகம் வாசித்தார், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சண்டை போட்டார், நன்றாக இருந்தார். கல்யாணம் செய்து கொடுத்த மகளைப் பற்றிப் பேசுவதுபோல பத்மாவைப் பற்றிப் பேசினார். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கா என்பார். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது... அடுத்த ஞாயிறு வரை.

அன்று ஹாஸ்டல் அறையில் தனியாக, பழக்க தோஷத்தில், வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். வேடிக்கையான ஒரு இடம் வந்தது. நிறுத்தினேன். காத்திருந்தேன்.

வாரேன் என்று சொன்னது என் வாய். அந்த வீட்டில் மணையை எடுத்தாகிவிட்டது. சொன்ன சொல்படி வருகிற பிள்ளை வேறு எந்த வீட்டுக்கு வரும்?

கல்யாணமாகி, வீடு மாறி, மகனும் பிறந்தாயிற்று. இன்றும் ஞாயிறு மத்தியானம் நான் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். எதிரே ஒரு நாற்காலி. அதில் துவைத்த துணியைப் போட யாரையும் விடுவதில்லை. வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆனால் அவரும் அதில் உட்காருவதில்லை. பயமா என்று கேட்டால், முதலில் இருந்தது. இப்போது, ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டால், பாவம் காத்திருக்குமே என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் பில் தம்பியிடம் நான் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அவள் என்ன வயதில் வந்து உட்காருகிறாள் என்பது ரெண்டு பக்கம் வாசித்த பிறகுதான் தெரிகிறது... அதனால்தான் எல்லாவற்றிலும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்கிறேன்.