சோறு தொடாதவரோடு ஒரு சஹன்

கற்பிட்டியில் ஒரு கலியாண வீட்டில்தான் அந்த மனிதரோடு ஒரே சஹனில் சாப்பிட்டேன். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து உண்ணும் விருந்து அது. அவரவர் பக்கத்துச் சோற்றை உண்டு, நடுவிலுள்ள இறைச்சியை அளவாக எடுக்க வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அவர் ஒல்லியானவர். வெங்காயத் தோட்டத்து வெயிலில் கறுத்த கை. அந்தக் கை கோழியைப் பிய்த்தது, மாட்டிறைச்சியைத் துழாவியது, தன் பக்கத்துச் சோற்றை மட்டும் மெல்ல என் பக்கம் தள்ளியது.

"என்ன நானா, சோறு வேணாமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்.

"நான் இப்ப பேலியோ, தம்பி. ஆதி மனுசன் திண்ட சாப்பாடு. சோறு, பாண், பருப்பு ஒண்டும் தொடுறல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கலியாண வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

"மீன் விக்கிற விலைக்கு ஊட்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?"

"முந்தி வாங்கின அளவுதான் இப்பயும் வாங்குற," என்றார் பெருமையாக. "மீன நான் திங்கிறன். பொஞ்சாதியும் புள்ளைகளும் சோத்துக்கு ஆணத்த ஊத்தித் திங்கிறாங்க. செலவு ஒரு சதமும் கூடல்ல."

தட்டைப் பார்த்தேன். இறைச்சி தீர்ந்து, எங்கள் ஐந்து பேருக்கும் முன்னால் நெய்ச்சோறு மட்டும் குவிந்து கிடந்தது. அவர் வீட்டில் அது நெய்ச்சோறாகவும் இருக்காது.

"வெக்கப்படாமச் சாப்பிடுங்க தம்பி," என்று இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினார்.