ஆடாத பெட்டி

அந்த வட்டாரத்தில் அவரை ஆட்டக்காரர் என்றுதான் சொல்வார்கள். நடனத்துக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். சொந்தக் கல்யாணத்திலேயே எல்லோரும் ஆட, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவர். பிறகு ஏன் அந்தப் பெயர் என்றால், அவர் வாஷிங் மெஷின் மெக்கானிக். அவருக்குப் போன் செய்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலில் சொல்வது ஒரே வார்த்தை: "ஆடுது."

"அண்ணே, ஆடுது." "சார், கண்டபடி ஆடுது." "நேத்து பாத்ரூம்ல இருந்து கிளம்பி ஹாலுக்கே வந்துடுச்சு, பிள்ளைங்க கட்டில் மேல ஏறி நிக்குதுங்க."

அவர் போவார். தரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ரசமட்டம் வைத்து மெஷின் சாய்வில்லாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். அதன் காலைத் திருகுவார், ஸ்பிரிங்கை மாற்றுவார். கடைசியில் மெஷினை முழு வேகத்தில் சுற்றவிட்டு, அதன் தலைமேல் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை வைப்பார். ஒரு சொட்டு சிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். சிந்தவில்லை என்றால் அந்தத் தண்ணீரை அவரே குடித்துவிட்டு நோட்டுப் புத்தகத்தை எடுப்பார். அதில் மூன்று கட்டங்கள்: வீடு, புகார், காரணம். புகார் எப்போதும் "ஆடுது". காரணம் மட்டும் மாறும். தரை சமமில்லை. ஸ்பிரிங் போச்சு. ஒற்றைப் போர்வையைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள்.

இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் அவருக்கு ஒரே ஒரு மனக்குறை. நன்றாகச் செய்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள். "உங்க புண்ணியத்துல இன்னைக்கு ஆடலைங்க" என்று சொல்வதற்காக இதுவரை ஒரு மனுஷர்கூடப் போன் செய்ததில்லை. ஒரு தடவை மனைவியிடம் இதைச் சொல்லிப் பார்த்தார்.

"கூப்பிடாம இருந்தா நல்லதுதானே? கூப்பிடறவங்ககிட்ட நான்தானே மல்லுக்கட்டறேன்" என்றாள் அவள். அவருடைய போனை வீட்டில் எடுப்பது அவள்தான். அத்தோடு அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அவளுடைய தம்பிக்கு இரண்டு பிழைப்பு. வாரநாட்களில் மூக்குக் கண்ணாடிக் கடையில் நிற்பான். "கீழ் வரி தெரியுதாங்க? இப்ப?" என்று பூப்போலப் பேசுவான். சனி ஞாயிறு வந்தால் டி.ஜே. பூகம்பம். சட்டையின் முதுகிலேயே அப்படித்தான் அச்சடித்திருக்கும். அந்தப் பூகம்பம் ஒரு நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தான். ஒரு பிறந்தநாள் விழாவில் அவனுடைய பேஸ் ஸ்பீக்கர் பெட்டி அதிர்ந்து அதிர்ந்து, மேடையில் தானாக நடந்துபோய், விளிம்பிலிருந்து குதித்து, மூன்றடுக்குக் கேக்கின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஊதி அணைக்க வேண்டிய மெழுகுவர்த்திகளைப் பெட்டியே அணைத்துவிட்டது. பெட்டி சுக்குநூறு. உள்ளே இருந்த பதினெட்டு அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டும் மட்டும் க்ரீமோடு தப்பித்திருந்தன.

"மாமா, புதுசா ஒரு பெட்டி செஞ்சு குடுங்க. உங்களாலதான் முடியும். அது நடக்கக் கூடாது. ஆனா ஆடணும்."

"நடக்காம எப்படி மாப்ள ஆடும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கைய வெச்சா கை அதிரணும். அப்பதான் பேஸ். சக்கரம் வெச்சு, ரெண்டு பேர் தள்ளிட்டுப் போற மாதிரி இருக்கணும்."

"எங்கிட்ட வர்றவங்க எல்லாம் ஆட்டத்த நிறுத்தத்தான் வருவாங்க. நீதான் முதல் ஆளு, ஆட்டம் வேணும்னு வந்திருக்கே" என்று ஆட்டக்காரர் சிரித்தார். சிரித்தாரே தவிர, அன்றைக்கே அவருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்து போன வீட்டில் ரசமட்டத்தைத் தலைகீழாகப் பிடித்தார். வாழ்க்கையில் ஒரு தடவையாவது நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஒரு வேலை செய்துவிட வேண்டும் என்று ஆசை பிடித்து ஆட்டியது.

பெட்டிக்குக் கனமான பலகை வேண்டும். கடையில் பார்த்ததெல்லாம் அப்பளம் மாதிரி இருந்தது. நல்ல பலகை படுக்கையறையிலேயே நின்றுகொண்டிருந்தது. மனைவியின் துணி அலமாரி. அவளுடைய அப்பா ஆள் வைத்துச் செய்து கொடுத்தது. அவள் மூன்று நாள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் துணிந்துவிட்டார். திரும்பி வந்தவள், நாற்காலிகள் மேலெல்லாம் தன் துணி மலையாகக் குவிந்திருப்பதைப் பார்த்தாள்.

"என் அலமாரி எங்கங்க?"

அவர் விரலை நீட்டினார். வட்டமாக இரண்டு ஓட்டைகளோடு அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு துணிக் குவியலைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை அவனுக்கு விழா இருக்கு இல்ல? அதுல இந்தப் பெட்டி பேர் வாங்கணும். வாங்கலன்னா திங்கட்கிழமை இது மறுபடி அலமாரியா அதே இடத்துல நிக்கணும்."

"ஓட்டை போட்டாச்சேம்மா..."

"ஓட்டைல தலையணைய சொருகிக்கறேன். அது என் பாடு."

அன்றைக்கே அவர் வேலையில் இறங்கினார். பார்த்துப் பார்த்துச் செய்தார். நாலு விரற்கடைக்கு ஒரு திருகாணி. மூலைக்கு மூலை பசை. உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் தாங்குகட்டைகள். வாஷிங் மெஷின் துள்ளாமலிருக்க அதன் வயிற்றில் ஒரு கான்கிரீட் கட்டி இருக்கும். செத்துப்போன மெஷினிலிருந்து அப்படி ஒரு கட்டியைக் கழற்றிப் பெட்டியின் அடியில் பொருத்தினார். நாலு சக்கரம். நின்ற இடத்தில் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க நாலு ரப்பர் கால். பக்கத்துக்கு ஒன்றாக அலமாரிக் கதவின் அதே பித்தளைக் கைப்பிடிகள்.

வீட்டிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபையரை மாட்டிச் சோதித்தபோது பாட்டோடு ஒரு விசில் சத்தமும் வந்தது. அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "அது என் சாவித் துவாரம்" என்றாள். பார்த்தால், பக்கப் பலகையில் அலமாரியின் பூட்டு அப்படியே இருந்தது. காற்று அதன் வழியே விசிலடித்துக்கொண்டிருந்தது. அவள் கொத்திலிருந்து சாவியைக் கழற்றித் துவாரத்தில் சொருகி, சுற்றிலும் மெழுகை அப்பினாள். விசில் நின்றது.

"உதவி பண்றேன்னு நினைக்காதீங்க. திங்கட்கிழமை சாவி தொலைஞ்சு போச்சுன்னு சாக்கு சொல்லக் கூடாது பாருங்க, அதுக்குத்தான்."

அப்புறம் அவர் வழக்கம்போல டம்ளர் நிறையத் தண்ணீரைப் பெட்டியின் மேல் வைத்தார். பாட்டு முடியும்வரை ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் அவர் கையை எங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது என்பது அப்போது அவர் மண்டையில் ஏறவில்லை. மச்சான் கேட்டது ஆடுகிற பெட்டி.

அது உறைத்தது ஞாயிற்றுக்கிழமை, விழா மண்டபத்தில். ஒரு பிஸ்கட் கம்பெனியின் ஆண்டு விழா. மாலை நாலு மணி. முதல் வரிசையில் மேனேஜர் உட்கார்ந்திருந்ததால் பின்னால் தொழிலாளிகள் அத்தனை பேரும் பரீட்சை எழுத வந்தவர்கள் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். பத்தாவது வரிசையில் ஆட்டக்காரரின் மனைவி. மேடை விளிம்பில் பெட்டி. பின்னால் மேஜையும் பூகம்பமும். மேஜை அதிரக் கூடாதே என்று ஆட்டக்காரர் அதற்கும் நாலு ரப்பர் கால் வைத்திருந்தார். மச்சான் நிற்கிற இடத்தில் மெஷினுக்கு அடியில் போடுகிற தடிமனான ரப்பர் விரிப்பும் போட்டிருந்தார். செய்வன திருந்தச் செய்கிற ஆள்.

பூகம்பம் பாட்டைப் போட்டுப் பெரிய ஆம்ப்ளிஃபையரை முறுக்கினான். நாலைந்து நிமிஷம் கழித்து, காதில் மாட்டியிருந்த ஹெட்போனோடு எட்டிப் பெட்டியின் மேல் கையை வைத்தான். முகம் சுருங்கியது. கன்னத்தை வைத்தான். பிறகு பாட்டையே நிறுத்தினான்.

"மாமா! பெட்டி பொணம் மாதிரி கிடக்கு! ஒரு அதிர்வு இல்ல!"

"அதிராது மாப்ள. இங்க பாரு." ஆட்டக்காரர் பெட்டியின் மேலிருந்த டம்ளரைப் பெருமையாகக் காட்டினார். "ஒரு சொட்டு சிந்தல."

"சிந்தணும் மாமா! சிந்தணும்! அதுக்குத்தானே உங்ககிட்ட குடுத்தேன்!"

அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. டம்ளரை எடுத்துக் கீழே வைத்தார். ஒரு நிமிஷம் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுப் பூகம்பம் மறுபடி பாட்டைப் போட்டான். "இந்த ரெண்டு பாட்டு முடியட்டும். வெளிய வேன்ல வாடகைப் பெட்டி ஒண்ணு தயாரா இருக்கு. அதை இறக்கறேன். பாருங்க, ஒருத்தராவது ஆடறாங்களா? அந்த மேனேஜர் கண்ணாடி வேற மூக்கு மேல நிக்க மாட்டேங்குது. ஃப்ரேம் லூஸ். எவன் மாட்டிவிட்டானோ."

ஆட்டக்காரர் மேடையின் பின்பக்கமாக நின்று பத்தாவது வரிசையைப் பார்த்தார். மனைவி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அலமாரியை நினைத்து நெஞ்சு வலிக்கிறது அவளுக்கு என்று நினைத்துக்கொண்டார். அவமானமாக இருந்தது. நாளைக்கு அந்தப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் கண் விழித்ததும் தலையணை சொருகிய அந்த இரண்டு ஓட்டைகளைப் பார்க்க வேண்டும்.

அப்போது பாக்கெட்டில் போன் அடித்தது. கணக்கு டீச்சர். ரிட்டயர் ஆனவர். மண்டபத்துக்குப் பின்புறம் குடியிருப்பவர். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். வியாழக்கிழமைதான் ஆட்டக்காரர் அந்த வீட்டு மெஷினைச் சரிசெய்து டம்ளர் வைத்துக் காட்டிவிட்டு வந்திருந்தார்.

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

"தம்பி, ஆடுது."

பட்ட காலிலேயே படுகிறதே என்று அவர் நொந்துபோனார். "இருக்காதே டீச்சர். வியாழக்கிழமைதானே..."

"இப்ப சமையலறை வாசல்ல வந்து நிக்குது."

"முதல்ல ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க."

"ஸ்விட்ச்சே போடல தம்பி. உள்ள துணி இல்ல, தண்ணி இல்ல. பிளக் என் கையில இருக்கு."

ஆட்டக்காரர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நாலு பதினாறு." கணக்கு டீச்சர் அல்லவா, நிமிஷம் பிசகாது. "நாலு இருபத்தொண்ணுக்கு ஒரு நிமிஷம் நின்னுச்சு. நாலு இருபத்திரண்டுக்கு மறுபடி கிளம்பிடுச்சு."

அந்த ஒரு நிமிஷம் மச்சான் அவரைத் திட்டிய நிமிஷம்.

"டீச்சர், போனை வெச்சுடாதீங்க. மெஷினையே பாத்துட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டக்காரர் மேடையில் ஓடினார். மச்சானின் கையைத் தட்டிவிட்டு பேஸ் குமிழை ஒரேயடியாகக் கீழே திருப்பினார்.

"இப்ப, டீச்சர்?"

"நின்னுடுச்சு."

மேலே திருப்பினார்.

"ஐயோ, ஆடுது! தம்பி, ஆடுது! சன்னலும் சேர்ந்து ஆடுது!"

இருபத்திரண்டு வருஷமாக அவரை ஓட ஓட விரட்டிய வார்த்தை அது. அன்றைக்குக் காதில் தேனாகப் பாய்ந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு மச்சானின் ஹெட்போனைப் பிடுங்கி, கையைப் பிடித்து, ரப்பர் விரிப்பிலிருந்து இறக்கி, மண்டபத்தின் நடுவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

நாலாவது எட்டிலேயே பூகம்பத்தின் முகம் மாறியது. சட்டை தானாகப் படபடத்தது. இவனும் நெஞ்சில் கையை வைத்தான். "மாமா... உள்ள யாரோ கதவத் தட்டறாங்க மாமா!"

"பெட்டி ஆடினா பேஸ் பெட்டியோட போச்சு மாப்ள. அது ஆடாம நிக்குது. அதான் மண்டபம் ஆடுது" என்றார் ஆட்டக்காரர். இதை அவர் முன்கூட்டித் தெரிந்து செய்யவில்லை. ஆனால் சொல்லும்போது தெரிந்து செய்தவர் மாதிரியே சொன்னார்.

பூகம்பம் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தான். மேனேஜரின் கண்ணாடி மறுபடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. "அடப்பாவி, ஃப்ரேம் லூஸ் இல்லையா அது!" என்றான். பின்னால் தொழிலாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆளாளுக்கு நினைத்து, மேனேஜருக்குப் பயந்து வாயைத் திறக்காமலிருந்தார்கள். மேனேஜர்தான் முதலில் எழுந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டார். "ஆடலாம் இல்ல?" என்று யாரையோ கேட்டார். அவர் ஆடியதை நடனம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்த்த பிறகு கம்பெனியில் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்துவிட்டார்கள். வாடகைப் பெட்டி வேனைவிட்டு இறங்கவே இல்லை.

ஆட்டக்காரர் பத்தாவது வரிசைக்குப் போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நெஞ்சு வலியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சும்மா இருங்க. கேட்டுட்டு இருக்கேன்."

அந்தப் பாட்டு முடிந்தது. அவள் கையை நெஞ்சிலிருந்து எடுக்காமலே, "எனக்கு வேற அலமாரி செய்யுங்க" என்றாள். "இதே மாதிரி கெட்டியா. ஓட்டை போடாம."

"சாவி?"

"அது அங்கயே இருக்கட்டும். எடுத்தா விசிலடிக்கும்."

அவருக்கு அழுகை வந்தது. சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்பதால் கொஞ்சம் அழுதும் கொண்டார்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகக் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனார். மெஷின் சமையலறை வாசலில் ஒருக்களித்து நின்றது. அதைத் தொடுவதற்கு முன் டேப்பை இழுத்து, பழைய இடத்திலிருந்து அது வந்திருந்த தூரத்தை அளந்தார். இரண்டடி நாலு அங்குலம். மறுபடி ஒரு தடவை அளந்தார்.

"எதுக்கு தம்பி அளக்கறீங்க?"

"சும்மாதான் டீச்சர்."

மெஷினைத் தள்ளி அதன் இடத்தில் நிறுத்தினார். ரசமட்டம் பார்த்தார், டம்ளர் வைத்தார், தண்ணீரைக் குடித்தார். டீச்சர் விடவில்லை. "என்னதான் கோளாறு? தரையா, ஸ்பிரிங்கா?"

கணக்கு டீச்சரிடம் பொய் சொல்ல அவருக்குத் தைரியமில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து முழங்கால் மேல் வைத்து நிதானமாக எழுதினார். வீடு: கணக்கு டீச்சர். புகார்: ஆடுது. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை ஒரு தடவை உதறிக்கொண்டார். எழுதியதை அப்படியே டீச்சர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

காரணம்: நான்.